அம்மா கையை அவசரப்படுத்தாதே!

தை கழிஞ்சதும் அம்மா மூணு மாசம் உன்னோட இருக்க வர்றாங்க. மாத்திரை டப்பா, கண்ணாடி, கண்ணுக்கு விடுற சொட்டு மருந்து, நாலு நூல் புடவை எல்லாம் எடுத்து வெச்சாச்சு. அதோட இந்தக் கடுதாசியும் வருது. வீட்டுல வயசானவங்க இருக்கிற மத்த தங்கச்சிங்களுக்கும் உதவட்டும்னு பத்திரிகைக்கும் ஒண்ணு அனுப்பறேன்.

போன தடவை நீ சேத்தியாத்தோப்புக்கு வந்தப்போ, அம்மா வாசல் பூட்டுல சாவி நுழைக்கத் தடவிக்கிட்டு நின்னாங்க. நீ வெடுக்குனு சாவியை வாங்கித் திறந்துட்டே. பாசத்துலதான் செஞ்சே, தெரியும். நானும் ரெண்டு வருஷமா அதையேதான் செஞ்சுக்கிட்டிருந்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லல. ஆனா சாயங்காலம் தனியா கோயிலுக்குப் போறதை மெல்ல மெல்ல விட்டுட்டாங்க. கேட்டா, "இருட்டிடுதும்மா"ன்னாங்க. திரும்பி வந்து பூட்டைத் திறக்கணுமேங்கிற பயம்தான் காரணம்னு எனக்குப் புரியவே ஆறு மாசம் ஆச்சு.

இந்த மார்கழியில ஒரு நாள் விடியக்காலம் அம்மா பக்கத்துல குந்தி, அவங்க கோலம் போடுறதை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேன். பதினோரு புள்ளிக் கோலம். முன்னெல்லாம் அம்மா கை ஒரே ஓட்டமா ஓடும், மாவு அதுபாட்டுக்குப் புள்ளி புள்ளியா விழும். இப்போ அப்படி இல்ல. புள்ளி விழ வேண்டிய இடத்துக்குக் கை முக்கால்வாசி தூரம் போகுது. அங்க வேகம் தணியுது. இன்னும் கொஞ்சம் நகருது. அந்தரத்துல ஒரு கணம் நிக்குது. அப்புறம்தான் கட்டைவிரல் மாவை விடுது. ஒரு வரிசைக்கு முன்ன ஆனதைப் போல ரெண்டு பங்கு நேரம். ஆனா நல்லா விடிஞ்சதும் பார்த்தேன், ஒரு புள்ளிகூட விலகல. அம்மாவுக்குக் கை தடுமாறுதுன்னு இத்தனை நாள் நினைச்சோமே, அது தடுமாற்றமே இல்லடி. நேரத்தைக் கொடுத்து, இடம் தப்பாம பார்த்துக்கிறாங்க.

இதைப் பத்தி நூறு வருஷத்துக்கு மேலயே ஆராய்ச்சி நடக்குதுன்னு அப்புறம் படிச்சேன். உட்வொர்த்ங்கிற அமெரிக்கர் 1899-லயே எழுதியிருக்கார். ஒரு பொருளை நோக்கிக் கை போறதுல ரெண்டு கட்டம். முதல்ல ஒரு வீச்சு, அது மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டு அனுப்புறது. பக்கத்துல போனதும் கண்ணால பார்த்துப் பார்த்துச் சரி பண்றது ரெண்டாவது. நம்ம வயசுல முதல் வீச்சே கிட்டத்தட்ட இடத்துக்குப் போயிடும். வயசானவங்களுக்கு முதல் வீச்சு குட்டையாயிடுது. மீதித் தூரத்தைச் சின்னச் சின்னத் திருத்தமா ரெண்டு மூணு தடவையில கடக்கறாங்க. தாண்டிப் போயிட்டா திரும்பி வரணும், அதுதான் பெரிய செலவு. அதனால கொஞ்சம் முன்னாலயே நிறுத்திக்கிறது அனுபவப்பட்ட மூளையோட புத்திசாலித்தனம்.

ஏன் இப்படி ஆகுதுன்னு கேட்டா, தசையை இயக்குற நரம்பு செல்கள்ல சிலது வயசாக ஆகக் கழிஞ்சிடுது. மிச்சம் இருக்கிற செல் அநாதையா நிக்கிற தசை இழைகளையும் தன்கூடச் சேர்த்துக்கும். அஞ்சு ஆளை மேய்ச்ச மேஸ்திரி பத்து ஆளை மேய்க்கிற மாதிரி. வேலை நடக்கும், ஆனா "இம்மி தள்ளு"ன்னா இம்மியளவு தள்ள முடியாது. கூடவே விரல் நுனியில உணர்ச்சியும் மங்குது. அதனால கை எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கக் கண்ணையே அதிகமா நம்ப வேண்டியிருக்கு. அந்தக் கண்ணோ, 60 வயசுல 20 வயசுக் கண்ணோட ஒப்பிட்டா, உள்ளே விழித்திரைக்குப் போய்ச் சேர்ற வெளிச்சம் மூணுல ஒரு பங்குதான். பாப்பா சுருங்கிடுது, லென்ஸ் பழுத்து மஞ்சளாகிடுது.

சரி, நாம என்ன செய்யலாம்? 1954-ல பால் ஃபிட்ஸ்ங்கிறவர் ஒரு கணக்குக் கண்டுபிடிச்சார். ஒரு இடத்தைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்ங்கிறது ரெண்டே விஷயத்துல அடங்கியிருக்கு. அது எவ்வளவு தூரத்துல இருக்கு, எவ்வளவு அகலம். தூரத்தை ரெட்டிப்பாக்கினா எவ்வளவு கஷ்டம் கூடுமோ, அகலத்தைப் பாதியாக்கினாலும் அதே கஷ்டம் கூடும். எனக்கு இதுல பளிச்சுனு பட்டது ஒண்ணுதான். அம்மா கையை நம்மால இளசாக்க முடியாது. ஆனா அந்தக் கை போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கிட்டத்துல கொண்டு வரலாம், பெருசாக்கலாம், பளிச்சுனு தெரிய வைக்கலாம். நான் சொல்லப் போற எல்லாம் இதுக்குள்ளதான் வரும்.

கப்புல இருந்த கோளாறு

இதை முதல்ல சொல்லணும், ஏன்னா தப்பு என்னுது. விருத்தாசலத்துல பீங்கான் சாமான் எவ்வளவு அழகா கிடைக்கும்னு உனக்குத் தெரியும். போன வருஷம் அகல் விளக்கு வாங்கப் போனப்போ ஆறு வெள்ளைக் கப்பும் வாங்கிட்டு வந்தேன். உள்ளேயும் வெளியேயும் பால் வெள்ளை. அதுக்கப்புறம் தினம் ராத்திரி அம்மா பால் ஊத்தினா மேடை மேல வழிஞ்சு நிக்கும். கை நடுங்குதுன்னு நானே முடிவு பண்ணி, பால் ஊத்துற வேலையை அம்மாகிட்ட இருந்து வாங்கிட்டேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் அம்மாகிட்ட அதே கப்புல காபி டிகாக்‌ஷன் ஊத்தச் சொன்னார். ஒரு சொட்டு சிந்தல! அப்போதான் உறைச்சது. வெள்ளைக் கப்புல வெள்ளைப் பால் எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு அம்மாவுக்குத் தெரியவே இல்ல. இப்போ பாலுக்கு உள்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்துல இருக்கிற கப். வேலை மறுபடி அம்மா கையில.

அதனால உன் சமையலறையில முதல்ல நிறத்தைப் பாரு. வெள்ளை மேடை மேல வெள்ளைத் தட்டு வேண்டாம், அடியில ஒரு கலர் துணி விரி. வாய் அகலமான டம்ளர், அடி அகலமான கப், ரெண்டு விரல் நுழையற காது. முக்கால் அளவுக்கு மேல ஊத்தச் சொல்லாதே. சூடா எதையாவது ஊத்தும்போது கப்பைக் கையில பிடிச்சுக்க வேண்டாம், மேடை மேல வெச்சு ஊத்தட்டும். ரெண்டும் அசைஞ்சா இலக்கும் ஓடுது, கையும் ஓடுது.

அந்த நேரத்துல பேச்சுக் கொடுக்காதே. இதைக் கண்டிப்பா சொல்றேன். கை தானா ஓடின காலத்துல பேசிக்கிட்டே தோசை வார்க்கலாம். இப்போ ஒவ்வொரு திருத்தத்துக்கும் கவனம் தேவைப்படுது. "அம்மா, அந்தக் கல்யாணப் பத்திரிகை எங்க?"ன்னு நீ கேட்டா, கவனம் அங்க ஓடிடும், வெந்நீர் கை மேல கொட்டிடும். பாத்திரத்தைக் கீழே வைக்கிற வரைக்கும் பொறு.

வெளிச்சமும் மற்றொரு கையும்

ஹால்ல பெரிய டியூப் லைட் இருக்குன்னு சொல்லாதே. முதுகுக்குப் பின்னால இருக்கிற லைட்டால என்ன பிரயோசனம்? அம்மா நிழலே அம்மா கை மேல விழும். அடுப்பு மேடைக்கு மேல, மாத்திரை சாப்பிடுற இடத்துல, வாசக்கதவுப் பூட்டுக்கு நேர் மேல, மூணு சின்ன எல்இடி போடு. கண்ணுல அடிக்காம கை மேல விழணும். ராத்திரி படுக்கையில இருந்து பாத்ரூம் வரைக்கும் தாழ்வா ஒரு விளக்கு. புது வீடு, முதல் ராத்திரியே வேணும்.

பூட்டு விஷயத்துக்கு வர்றேன். நான் செஞ்சது ரொம்பச் சின்ன வேலை. சாவித் துவாரத்தைச் சுத்தி சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு வட்டம், சாவிக்கு ஒரு பெரிய தலை. அப்புறம் அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொன்னேன்: இடது கை ஆள்காட்டி விரலைத் துவாரத்துக்குக் கீழே வெச்சுக்கங்க, வலது கை அந்த விரலைத் தேடி வரட்டும். தன்னோட விரல் எங்க இருக்குன்னு கண்ணை மூடினாலும் ஓரளவு தெரியும். ஆக இலக்கு ஒரு சின்ன ஓட்டையில இருந்து ஒரு விரல் அளவுக்குப் பெருசாயிடுச்சு. இப்போ சாயங்காலக் கோயில் திரும்ப ஆரம்பிச்சாச்சு.

இந்த மற்றொரு கை உபாயத்தை நான் கத்துக்கிட்டது விருத்தாசலத்துல ஒரு பொம்மைப் பட்டறையில. வயசான ஒரு அம்மா பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதிக்கிட்டிருந்தாங்க. ரெண்டு முழங்கையும் மேசையில ஊனியிருக்கு. வலது கைச் சுண்டுவிரல் பொம்மையோட கன்னத்துல தாங்கி நிக்குது. பிரஷ் பிடிச்ச கை கிட்டத்தட்ட அசையவே இல்ல, இடது கை பொம்மையை மெல்லத் திருப்புது. புருவம் முடியற இடத்துல மூச்சை நிறுத்தி, கோட்டை எடுத்த பிறகுதான் விடுறாங்க. மயிரிழை மாதிரி கோடு. பக்கத்துல உட்கார்ந்திருந்த சின்னப் பொண்ணு கையை அந்தரத்துல வெச்சு வேகமா வரைஞ்சுது, ரெண்டு பொம்மைக்கு ஒண்ணைத் துடைச்சு மறுபடி எழுதிச்சு. தோள், முழங்கை, மணிக்கட்டு மூணும் அந்தரத்துல தொங்கினா மூணோட ஆட்டமும் விரலுக்கு வந்து சேரும். எங்கயாவது ஊனிட்டா சுண்டுவிரலுக்கு அப்பால இருக்கிற ஆட்டம் மட்டும்தான் மிச்சம். ஊசியில நூல் கோர்க்கறது, மாத்திரை அட்டையைப் பிதுக்கறது, கையெழுத்துப் போடறது எல்லாத்துக்கும் இதேதான். மணிக்கட்டை மேசையில வைக்கச் சொல்லு. காய் சீவுற பீலருக்கும் பேனாவுக்கும் துணியோ ரப்பர் குழாயோ சுத்திப் பருமனாக்கு.

கருவி கைக்கு ஏத்த மாதிரி மாறினா எவ்வளவு தூரம் போகலாம்ங்கிறதுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கின டாக்டர் ஜி. வெங்கடசாமியை நினைச்சுக்குவேன். முடக்குவாதத்துல அவரோட விரல்கள் கோணிப் போச்சு. அந்தக் கைக்குத் தோதா கருவிகளை அமைச்சுக்கிட்டு, கத்தி பிடிக்கப் புதுசாப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல கண் ஆபரேஷன் பண்ணினார். அரசு வேலையில ஓய்வு பெற்று 58 வயசுல, 1976-ல 11 படுக்கையோட தொடங்கினதுதான் அந்த ஆஸ்பத்திரி. அம்மா "இந்தக் கையை வெச்சு என்னத்தைச் செய்ய"ன்னு சலிச்சுக்கும்போதெல்லாம் நான் இதைத்தான் சொல்வேன்.

சொட்டு மருந்து

கண் பார்க்க முடியாத இலக்கு கண்ணேதான்! அதனால இது எல்லாத்தையும் விடக் கஷ்டம். நிமிர்ந்து நின்னு விட்டா பாதி கன்னத்துல போகும். படுக்கச் சொல்லு. ஒரு கை விரலால கீழ் இமையை இழுத்து சின்னப் பை மாதிரி ஆக்கணும். பாட்டில் பிடிச்ச கையை நெத்தியில ஊனிக்கணும். பாட்டில் நுனி கண்ணைத் தொடக்கூடாது. ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்துல விரலால ரெண்டு நிமிஷம் லேசா அழுத்தினா மருந்து தொண்டைக்குப் போகாது. அப்படியும் தவறினா நீயே விட்டுடு. இது பழகிக்கட்டும்னு விடற இடம் இல்ல.

போன்

கட்டைவிரலால ஒரே கையில அம்மா போன் பார்க்க வேண்டாம். மேசை மேல வெச்சு, மணிக்கட்டை ஊனி, ஆள்காட்டி விரலால தொடட்டும். செட்டிங்ஸ்ல எழுத்து அளவோட காட்சி அளவையும் கூட்டு. எழுத்தை மட்டும் கூட்டினா படிக்கத்தான் வசதி, தொடற இடம் பெருசாகாது. கீபோர்டோட உயரத்தையும் ஏத்திடு. அணுகல்தன்மைங்கிற பகுதியில, தொட்டுப் பிடிக்கிற நேரத்தைக் கூட்டிடு. அம்மா விரல் இறங்கி, நின்னு, எழுந்திருக்கறதுக்குள்ள போன் அதை நீண்ட அழுத்தம்னு எடுத்துக்கிட்டு வேற எதையோ திறந்துடுது. முதல் திரையில ஆறு படம் போதும், ஒண்ணுக்கொண்ணு தள்ளி வை. பணம் அனுப்பறதுனா பின் போடறதுக்கு முன்னாடி தொகையைச் சத்தமா வாசிக்கச் சொல்லு.

படியும் பஸ்ஸும்

காலும் குறி பார்த்துத்தான் போகுது. நம்ம சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டுல பஸ் நிக்கிற நிமிஷம் எவ்வளவுன்னு உனக்குத் தெரியாதா? விருத்தாசலம், சிதம்பரம், கும்பகோணம், சென்னை எல்லாப் பக்கத்து வண்டியும் அங்கதான். கரும்புக் காலத்துல சர்க்கரை ஆலைக்குப் போற டிராக்டர் நெரிசல் வேற. போன மாசம் ஒரு பஸ்ல "சீக்கிரம் ஏறும்மா"ன்னு ஒரு குரல். அம்மா கால் முதல் படியில சரியா உட்காரறதுக்குள்ளயே கண் ரெண்டாவது படிக்குப் போயிடுச்சு, முழங்கால் இடிச்சுது. நல்லவேளை, தோலோட போச்சு. இங்கிலாந்துல சாப்மன், ஹாலண்ட்ஸ்னு ரெண்டு பேர் 2006-ல இதையே கண்டிருக்காங்க. விழற ஆபத்து அதிகம் இருக்கிற பெரியவங்க, பாதம் இறங்கி முடியறதுக்கு முன்னாலயே பார்வையை அடுத்த இடத்துக்கு எடுத்துடறாங்க. அடுத்தது என்னவோங்கிற பதட்டம். அதனால அம்மாகிட்ட நான் சொல்றது இதுதான்: கால் வெச்சு முடியற வரைக்கும் அந்தப் படியையே பாருங்க. கம்பியை முதல்ல பிடிங்க, அப்புறம் கால். பின்னால நிக்கிறவங்க காத்திருக்கட்டும்.

அம்மாவுக்கு ரெண்டு பவர் கண்ணாடி. கீழ்ப் பாதி படிக்கறதுக்கானது, அது வழியாப் படியைப் பார்த்தா மங்கலாத் தெரியும். இறங்கும்போது தலையைக் குனிஞ்சு மேல் பாதி வழியாப் பார்க்கச் சொல்லு. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துல இறங்கினதும் நகரும் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போகாதே, லிஃப்ட்தான். உன் வீட்டுப் படி ஓரத்துல மஞ்சள் டேப் ஒட்டிடு, அகலமா.

வேலையைப் பிடுங்காதே

டைப் அடிக்கறவங்களை வெச்சு சால்ட்ஹவுஸ்ங்கிறவர் 1984-ல ஒரு ஆய்வு பண்ணினார். வயசான டைப்பிஸ்டுக்குத் தனித்தனியா விரல் வேகம் குறைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா டைப் அடிக்கும் வேகம் சின்னவங்களுக்குச் சமம். காரணம், அவங்க கண் இன்னும் சில எழுத்து முன்னாடியே ஓடிக்கிட்டிருந்துச்சு. அம்மா பூ கட்டறதைப் பாரு, புரியும். கை ஒரு பூவை முடியும்போது கண் அடுத்ததுக்கு அடுத்ததைத் தேர்ந்தெடுத்தாச்சு.

இதுல ஒரு ஆபத்து இருக்கு. அந்த முன்கூட்டிப் பார்க்கற லாபம் பழகின இடத்துலதான். என் சமையலறையில உப்பு எங்க, கரண்டி எங்கன்னு அம்மா கைக்கே தெரியும். உன் வீட்டுல ஒண்ணும் தெரியாது. அதனால முதல் வாரம் அம்மா பத்து வயசு கூடின மாதிரி தெரிவாங்க, பயப்படாதே. வந்த அன்னைக்கே அரை நாள் ஒதுக்கி, ஸ்விட்ச், குழாய், கேஸ் அடுப்பு, தாழ்ப்பாள் ஒவ்வொண்ணையும் அவங்க கையாலயே நாலு தடவை திருப்பிப் பார்க்க விடு. அம்மா அடிக்கடி எடுக்கற சாமானை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல, முன்வரிசையில வை. வெச்ச இடத்தை மூணு மாசமும் மாத்தாதே. வேலைக்காரம்மாகிட்டயும் சொல்லிடு.

எதை "வயசானா மெதுவுதான்"னு விடக்கூடாதுன்னும் தெரிஞ்சுக்க. திடீர்னு ஒரு பக்கக் கை மட்டும் நழுவுது, வாய் கோணுது, பேச்சு குழறுதுன்னா ஒரு நிமிஷமும் யோசிக்காம 108. ரத்தக்கட்டி கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. மடியில சும்மா கிடக்கும்போது ஒரு கை நடுங்கி, எதையாவது எடுக்கப் போனா நடுக்கம் குறைஞ்சா, எழுத்து சின்னதாகிக்கிட்டே போனா, நரம்பு டாக்டர். வேர்த்துக் கை உதறினா முதல்ல சர்க்கரை பாரு. குறைஞ்சிருந்தா உடனே சர்க்கரைத் தண்ணி. மருந்து மாத்தின பிறகு நடுக்கம் வந்தா மருந்துச் சீட்டோட போய்க் கேளு. கண்புரை இருக்கான்னு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துடு. நடமாட்டம் கஷ்டமான பெரியவங்க வீட்டுல இருந்தா, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வருது, ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிக்கலாம்.

இன்னும் ஒண்ணு. பையோட அடியில, புடவைக்குக் கீழே, கோலமாவு டப்பா வெச்சிருக்கேன். உங்க ஃபிளாட் வாசல் சின்னதுதான், அஞ்சு புள்ளி போடற இடம் இருக்கும். தரை வெளிர் நிறம்னு ஞாபகம், அதனால செம்மண் கரைச்சு முதல்ல மெழுகிக் கொடு. விடியக்காலம் நீ எழுந்திருக்க வேண்டாம். ராத்திரி படுக்கப் போகும்போது வாசல் லைட்டை மட்டும் அணைக்காம விட்டுடு.